டீச்சரோடு சந்தையில் மூன்று நாள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. எந்த இடத்தில் எந்த 'ர', எந்த இடத்தில் எந்த 'ன' என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முடிவெட்டும் கடையில் காத்திருக்கும்போது, சிங்கப்பூர், லண்டன் போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அங்கே என்ன சாப்பிட்டார்கள், பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். நான் போனது திருவண்ணாமலைக்கு. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். அதைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் நான் எங்கே போய் வந்தாலும் என் வீட்டுக்காரி வசந்தா விடமாட்டாள். செருப்பைக் கழற்றும் முன்னால் ஆரம்பித்துவிடுவாள். "இன்னா சாப்ட்டீங்க? பஸ்ல சீட்டு கெடச்சிதா? பக்கத்துல யாரு?" நான் கூச்சக்காரன். வெளியில் நாலு பேரிடம் பேச வேண்டும் என்றால் வேர்த்துவிடும். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்வேன். இந்த முறை திரும்பி வந்தபோது கேட்க ஆள் இல்லை. மாசி மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் போனது ஒரு பசுவை விற்க. வசந்தாவின் பசு. சிவப்பும் வெள்ளையும் கலந்த ஜெர்சி. அதற்கு அவள் வைத்த பெயர் டீச்சர். யார் வந்து நின்றாலும் தலையைச் சாய்த்து, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் பார்க்கும். "அஞ்சாவதோட ஓடியாந்துட்டீங்கல்ல, அதான் வீட்டுக்கே டீச்சர் வந்துட்டாங்க" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

வசந்தா போன பிறகு டீச்சர் பாலைக் கொடுக்கவில்லை. நான் உட்கார்ந்தால் உதைத்தது. பக்கத்து வீட்டு அம்மா உட்கார்ந்தாலும் உதைத்தது. மடி கல்லாகிவிட்டது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மா கறக்கும்போது கட்ற புடவை இருக்குதா? அத சுத்திக்கினு உக்காருய்யா" என்றார். பச்சை நைலக்ஸ் புடவை ஒன்று கொட்டகை ஆணியிலேயே தொங்கியது. தேங்காயெண்ணெய், புண்ணாக்கு, அவள் வேர்வை எல்லாம் சேர்ந்த வாசனை. வாசல் கதவைச் சாத்திவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு, கூச்சத்தில் முக்காடும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் திரும்பி ஒரு முறை முகர்ந்தது. பால் இறங்கியது. எனக்குக் கண்ணீர் இறங்கியது.

அன்று பால் சொசைட்டிக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பச்சைப் புடவை, முக்காடு, குனிந்த முதுகு. "வசந்தாக்கா!" என்று கத்தி, கேனைப் போட்டுவிட்டு ஓடினார். ஊரெல்லாம் விஷயம் பரவிவிட்டது. ஒன்பது மாதம் அப்படித்தான் கறந்தேன். புடவையைத் துவைக்கவே இல்லை.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற என் மகள் கவிதா தினமும் போனில் சொல்வாள். "மாட்ட வித்துட்டு இங்க வந்துடுப்பா. ஒண்டியா கெடந்து இன்னா பண்ற?" கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூடுகிற மாட்டுச் சந்தையில் விற்றுவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். மனசுக்குள் வேறு கணக்கு. யாரும் கேட்காத விலை சொல்வது, வாங்க ஆளில்லை என்று ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது. டீச்சரை விட்டுவிட்டால் அந்த வீட்டில் வசந்தாவைத் தெரிந்த உயிர் நான் ஒருவன்தான்.

முதல் நாள் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். திருவண்ணாமலைக்கு வெளியிலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. தீபக் கூட்டம், வண்டி உள்ளே விடமாட்டார்கள். டிரைவர் மாட்டை இறக்கிவிட்டு, "மெதுவா நடந்து போண்ணா, டீச்சரும் மலைய சுத்தட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

டீச்சரும் நானும் நடந்தோம். எதிரே கிரிவலம் போகிறவர்கள். ஒரு அம்மா டீச்சரின் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு வரிசையே நின்றுவிட்டது. வாழைப்பழம், அகத்திக்கீரை, ஒருவர் கையிலிருந்த பொட்டலத்துப் புளியோதரை. நெற்றி முழுக்கக் குங்குமம். எங்கள் ஊரில் இந்த மாடு யார் தோட்டத்திலாவது வாயை வைத்தால் வீடு தேடி வந்து திட்டுவார்கள். இங்கே கூப்பிட்டு ஊட்டினார்கள். ஒரு பாட்டி என் காலிலும் விழப் பார்த்தார். நான் டீச்சருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

காவிப் பைஜாமா போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் தமிழில் சொன்னார்.

"இந்த மாடு ரொம்ப துக்கத்துல இருக்குதுன்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"அவங்க எல்லா மாட்டுக்கும் அதாங்க சொல்லுவாங்க" என்றார் ஆட்டோக்காரர். "போன வாரம் எங்க வூட்டு ஆட்டுக்குங்கூட சொன்னாங்க."

சந்தைத் திடலில் இடம் பிடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் செங்கம் பக்கத்துக்காரர் கோபாலு, ஒரு ஜோடி உழவு மாட்டோடு இருந்தார். வாய் ஓயாதவர். என் பெயர், ஊர், சாதகம் எல்லாம் கேட்டார். நான் பெயரும் ஊரும் மட்டும் சொன்னேன்.

பால் கறக்கிற நேரம் வந்தது. திடல் ஓரத்தில் நின்ற ஒரு லாரிக்குப் பின்னால் டீச்சரை ஓட்டிக்கொண்டு போய், பையிலிருந்த புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி கறந்திருப்பேன். லாரியின் அந்தப் பக்கம் தலை தெரிந்தது.

"யோவ் ஏழுமல! யாருடா புதுசா ஒரு பொம்பளன்னு பாத்தா நீயா? மீச வச்ச மருமவளா இருக்கறியே!"

கோபாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் தலையைத் தூக்கவில்லை. கறந்து முடித்து, பாத்திரத்தை அவரிடம் நீட்டி, "குடிங்க" என்றேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். இந்தப் புடவை யாருடையது, அவள் எப்போது போனாள் என்று. கோபாலு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பாலு நல்லா கீது" என்றார்.

இரண்டாம் நாள் காலையில் வண்டிக் கடையில் நாலு இட்லி, ஒரு வடை. சட்னியில் காரம் ஜாஸ்தி, சாம்பாரில் பருப்பு கம்மி. வசந்தா கேட்டிருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அவளுக்கு அடுத்தவர் சாம்பாரில் குறை கண்டுபிடிப்பதில் தனிச் சந்தோஷம்.

தரகர் முனுசாமி வந்தார். வெற்றிலை வாய், தோளில் பெரிய சிவப்புத் துண்டு. டீச்சரின் பல்லைப் பார்த்தார், வாலை நீவினார், மடியைத் தட்டினார். டீச்சர் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

"இன்னாய்யா, பரீட்ச வெக்கிற மாதிரி பாக்குது?"

"டீச்சருங்க" என்றேன்.

"நல்லதா போச்சி. வேங்கிக்கால்ல ஆபீசுங்களுக்கு எதுர டீக்கட வெச்சிக்கிறாங்க, ருக்மணின்னு. பால் மாடு கேட்டாங்க. நாளைக்கி விடியக்கால கூட்டியாரேன். அவங்க கண்ணெதிர்ல கறந்து காட்டணும்."

சந்தையில் பால் மாட்டைக் கறந்து காட்டாமல் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் எல்லோர் கண்ணெதிரிலும், ஆயிரம் ஆம்பளைகளுக்கு நடுவில், புடவையோடா? கட்டாமல் உட்கார்ந்தால் உதைக்கும், விற்காது. எனக்கு வேண்டியதும் அதுதானே என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் அப்படிச் செய்தால், உதைகாலி மாடு என்று டீச்சருக்குச் சந்தை முழுக்கக் கெட்ட பேர். வசந்தா வளர்த்த மாட்டுக்கு அந்தப் பேரை நானே வாங்கித் தருவதா?

கோபாலு மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதால் கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் உள்ளே நுழைய முடியவில்லை. கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வருகிற வழியில் செருப்பு ஒன்று கூட்டத்தில் போய்விட்டது. ஒற்றைச் செருப்பை என்ன செய்வது? அதையும் ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். கிரிவலக் கூட்டத்தில் எல்லோரும் வெறுங்கால்தான். அந்த ஊரில் அது ஒரு வசதி. துக்கப்பட்டவனும் பக்திமானும் ஒன்று போலத்தான் தெரிவார்கள்.

மத்தியானம் வைக்கோல்மேல் படுத்துத் தூங்கிவிட்டேன். கனவில் வசந்தா டவுன் பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை, வாயில் விசில். பெண்கள் சீட்டில் டீச்சர் உட்கார்ந்து சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறது. வசந்தாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எங்க போவணும்?" என்று கேட்கிறாள். எனக்கு ஊர் பெயர் மறந்துவிட்டது. பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். அவள் விசிலை ஊதி என்னை நடுவழியில் இறக்கிவிட்டாள்.

எழுந்து முகம் துடைத்தேன். கோபாலு பார்த்துவிட்டார். கனவைச் சொன்னேன்.

"பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல ஃப்ரீ. பசுமாட்டுக்கும் ஃப்ரீன்னு வெச்சிக்க" என்றார். "நீ டிக்கெட் எடுக்கணும்யா. அதான் எறக்கி வுட்டுட்டாங்க. சட்டப்படிதான் நடந்துகினாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசிக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சிரிப்பு நிற்கும்போது அழுகையாக இருந்தது. கோபாலு அதைக் கவனிக்காததுபோல் டீச்சரைக் காட்டினார். அது படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அத பாரு. ஒரு வாட்டி முழுங்கினத மறுபடி எடுத்துனு வந்து மெல்லுது. ஆனா மென்னுட்டு முழுங்கிடுது. நீ வாயிலயே வெச்சிக்கினு கீற."

மூன்றாம் நாள் விடியலில் முனுசாமி வந்தார். கூடவே ருக்மணி அம்மா. ஐம்பது வயதிருக்கும். கையில் பித்தளைச் சொம்பு, இடுப்பில் சொருகிய முந்தானை. அவர் வீட்டுக்காரர் கடையைத் திறக்கப் போய்விட்டாராம். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

நான் பையைத் திறந்தேன். புடவையை எடுத்து இடுப்பில் சுற்றி, தோளில் போட்டேன். முக்காடு மட்டும் போடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அன்று முகத்தை மூடத் தோன்றவில்லை.

யாரோ விசிலடித்தார்கள். "டேய், கூத்து ஆரம்பிச்சிட்டாங்கடா!" என்று ஒருவன் கத்தினான். "சிரிங்கடா, சிரிங்க" என்று கோபாலு அவனைவிடப் பெரிய குரலில் கத்தினார். "உங்க பொண்டாட்டி செத்தா உங்க மாடு ஒரு வேள தீனியாவது வுடுமா? இந்த மாடு மூணு நாளு வாய் வெக்கில. தெரியுமா?" சத்தம் அடங்கியது. கோபாலுவிடம் நான் சொன்னதில் அதுவும் ஒன்று.

டீச்சர் திரும்பி முகர்ந்தது. சொம்பு நிறைந்து, அடுத்த பாத்திரமும் நிறைந்தது. ருக்மணி அம்மா பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குப் புடிச்சிருக்குது" என்று முனுசாமியிடம் சொன்னார்.

இனி விலை. எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் துண்டை விரித்துக் கையை மூடிக்கொள்வார். நம் கையும் அதற்குள் போகும். விரலைப் பிடித்துப் பேசுவது. எந்த விரல், எத்தனை விரல் என்பதில் விலை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் கையை உதறிவிட வேண்டும். உதறாமல் கெட்டியாகப் பிடித்தால் சம்மதம். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. முடிந்த பேரத்தை மாற்றவும் முடியாது.

நான் முதல் பிடியிலேயே உதறுவது என்று முடிவு செய்திருந்தேன்.

துண்டுக்குள் முனுசாமியின் கை வந்து என் விரல்களைப் பிடித்தது. பெரிய கை. காய்த்துப்போன, சூடான கை. ஒன்பது மாதமாக என் கையை யாரும் பிடித்ததில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கும்பிட்டார்கள். மகள் தோளில் சாய்ந்து அழுதாள். கையைப் பிடிக்கவில்லை. வசந்தா கடைசி நாள் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முனுசாமி என்ன விலை சொன்னார் என்று நான் கவனிக்கவே இல்லை. அந்தக் கையைப் பிடித்தேன். விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"முடிஞ்சிது!" என்று துண்டை உதறினார் முனுசாமி.

ஐயோ என்று வாய் வரை வந்தது. துண்டுக்குள் கொடுத்த சம்மதத்தை வெளியில் வந்து எப்படி இல்லை என்பது? கை பிடித்ததால் பிடித்தேன், மாட்டுக்காக இல்லை என்று பதினைந்து பேருக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? வசந்தா பக்கத்தில் இருந்தால் அவள் சொல்லியிருப்பாள். முனுசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இன்னா ஏழுமல, கைய இன்னும் வுட மாட்டேன்ற?" என்றார். அப்போதுதான் நான் அவர் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. அது மாட்டை விற்றவன் வீட்டுக்கே திரும்ப வேண்டும். ருக்மணி அம்மா புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார். நான் பழையதை அவிழ்த்தேன். அவர் என் தோளைப் பார்த்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"அண்ணா, கேக்கறன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தப் புடவ இல்லன்னா எனக்கு எப்டிண்ணா கறக்கும்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. வசந்தாவின் புடவைகள் எல்லாவற்றையும் காரியத்துக்குப் பிறகு கொடுத்துவிட்டோம். வாசனையோடு இருந்தது இது ஒன்றுதான். டீச்சர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பால் கட்டினால் மாட்டுக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும்.

அவிழ்த்து, நாலாக மடித்து, அவர் கையில் கொடுத்தேன். "தொவச்சிடாதீங்கம்மா" என்றேன்.

டீச்சர் நாலடி போய்த் திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. ருக்மணி அம்மாவின் கக்கத்தில் இருந்த புடவையை முகர்ந்துகொண்டே அதன் பின்னால் போனது.

தீபம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார் கோபாலு. என்னால் இருக்க முடியவில்லை. கயிற்றைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சீட்டு கிடைத்தது, சன்னல் ஓரம். பக்கத்தில் மாலை போட்ட ஒருவர், குறட்டை. நானும் தூங்கிவிட்டேன்.

கனவில் அண்ணாமலை எழுந்து நடந்து வந்து எங்கள் வாசலில் மாடு மாதிரி படுத்து அசைபோடுகிறது. வசந்தா சொம்போடு அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். "மடி எங்கன்னு தெரியலயேங்க" என்கிறாள். "சுத்து, எங்கியாவது இருக்கும்" என்கிறேன். இரண்டு பேரும் சுற்றுகிறோம். அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். நடுவில் மலை. சொம்பு இடிபடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

கண்டக்டர் தட்டி எழுப்பினார். கீழ்பென்னாத்தூர் எப்போதோ போய்விட்டது. இறங்கி, எதிர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்று, வீடு வந்து சேர்ந்தேன். கயிற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டினேன். புடவை தொங்கிய அதே ஆணி.

கவிதாவிடம் விற்றுவிட்டேன் என்று சொன்னேன். "எப்பப்பா வர்ற?" என்றாள். பொங்கல் கழியட்டும் என்றேன்.

இன்று காலை வேங்கிக்கால் போனேன். மாட்டுப் பொங்கலுக்கு டீச்சரின் கொம்புக்கு வசந்தாதான் நீலம் அடிப்பாள். அந்த டப்பாவில் மிச்சம் இருந்தது, எடுத்துக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால் கொட்டகை. ருக்மணி அம்மா கறந்துகொண்டிருந்தார். சாதாரண மஞ்சள் புடவை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக நின்றது.

"மூணே நாளுதாண்ணா கட்னேன்" என்றார். "நாலாம் நாளு கடையில கூட்டம், மறந்துட்டு அப்டியே உக்காந்துட்டேன். பேசாம குடுத்துடுச்சி. நீங்க வருவீங்கன்னு எடுத்து வெச்சிருக்கறேன்."

உள்ளே போய் பச்சைப் புடவையைக் கொண்டுவந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, தினத்தாளில் சுற்றி இருந்தது. "அழுக்காவே எப்டிண்ணா குடுக்கறது, உங்க வூட்டம்மா புடவ" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை.

"டீச்சர்" என்று கூப்பிட்டேன். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. புடவையை அதன் மூக்கருகில் நீட்டினேன். முகர்ந்தது. பிறகு அதை விட்டுவிட்டு, என் கையைப் புறங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு முறை நக்கியது. சொரசொரவென்று. அப்புறம் முன்னால் இலையில் வைத்திருந்த பொங்கல் பக்கம் திரும்பிவிட்டது. நான் கொம்புக்கு நீலம் அடித்தேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் இன்னும் நீலம் இருக்கிறது. தாளிலும் பட்டிருக்கிறது, மன்னிக்கவும்.

வசந்தா, இன்றைக்குப் பஸ்ஸில் சீட்டு கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் வந்தேன். பக்கத்தில் யாரென்று கவனிக்கவில்லை. ருக்மணி அம்மா டீ கொடுத்தார். டீச்சர் பால். சர்க்கரை கொஞ்சம் கம்மி. குடித்துவிட்டேன்.

தை மாதம், இரண்டாம் நாள்.